மலைவழி நடையும் ஊராட்சியின் கடமையும்

சிவகிரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேற்குத் திசை என்றாலே மலைதான். காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது அதுவே. மாலையில் கதிரவன் மறைவதும் அதன் பின்னாலேயே. முகட்டில் மேகம் கட்டினால் நாற்றங்காலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்; மேகம் கலைந்துவிட்டால் கவலை கொள்கிறோம். ஆயினும், அம்மலையைப் பற்றி வெளியூரார் ஒருவர் வந்து கேட்டால் விரிவாக விடை சொல்லக்கூடியவர்கள் நம்முள் மிகச் சிலரே.

அண்மைக் காலமாக அவ்வாறு கேட்போர் தொகை பெருகி வருகிறது. நகரங்களில் வாழும் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் மலைவழி நடப்பதில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளனர். பெயர்பெற்ற இடங்களில் கூட்டம் மிகுந்துவிட்டபடியால், அதிகம் பேர் அறியாத வழிகளை அவர்கள் தேடுகின்றனர். கைபேசியில் நிலப்படத்தைக் காட்டி, "இந்த ஓடை வழியாக ஏறி, அந்த முகட்டைச் சுற்றி, வேறு பக்கமாக இறங்கலாமா?" என்று அடிவாரத்துத் தோட்டங்களில் வினவுகின்றனர். பணம் கொடுத்து ஊர்ப்பிள்ளைகளை வழிகாட்ட அழைப்போரும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற கிராமசபைக் கூட்டத்தில் இப்பொருள் எழுந்தது. உறுப்பினர் ஒருவர், "வருகிறவர்களை வரவேற்றால் ஊருக்கு நாலு காசு கிடைக்கும். ஊராட்சியே மலையைச் சுற்றி ஒரு பாதை போட்டால் என்ன?" என்றார். உடனே முதிய விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா, இப்போதே யானை இறங்கி வந்து என் வாழையை மிதித்துவிட்டுப் போகிறது. மேலே ஆள் நடமாட்டம் கூடினால் அது இன்னும் கீழேதானே வரும்? வருமானம் அவர்களுக்கு, நட்டம் எனக்கா?" என்று கேட்டார். கூட்டம் சற்று நேரம் அமைதியாயிற்று. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இரண்டையும் ஒருசேர வைத்து விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மலை எத்தகையது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியே சிவகிரி மலை. அதன் முகடு நீரைப் பிரிக்கும் வரப்பாக அமைந்துள்ளது. முகட்டின் கிழக்கே பெய்யும் மழை, ஓடைகளாய் நம் பக்கம் இறங்கிக் கண்மாய்களை நிரப்பி, வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்து மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. மேற்கே பெய்யும் மழையோ பெரியாறாகிறது. சுமார் 244 கிலோமீட்டர் ஓடி அரபிக் கடலில் கலக்கும் அப்பேராறு சிவகிரி மலைப்பகுதியிலேயே தோன்றுகிறது. 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை அந்நீரில் ஒரு பகுதியைத் தேக்கி, சுரங்கவழியாகக் கிழக்கே திருப்பி, வைகைப் படுகைக்கு அனுப்புகிறது. ஆகவே தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் உழவர்களும் இம்மலையின் முதுகில் பெய்யும் மழையை நம்பி வாழ்கின்றனர்.

முகட்டுப் புல்வெளிகளும் சோலைக் காடுகளும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னரும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. புல் எரிந்து மண் கரைந்தால் மழை பெய்த அன்று வெள்ளமும், மறுமாதம் வறட்சியும் வரும். அடிவாரத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் மலைக்காட்டின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மலைவழி நடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவ்வுண்மையை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும்.

இக்காடு சட்டப்படியும் காப்புப் பெற்றது. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் முதலிய வனச்சரகங்களைச் சேர்ந்த காடுகள் 2015-ஆம் ஆண்டில் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அதன் பரப்பு சுமார் 356 சதுர கிலோமீட்டர். வடக்கே 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது. முகட்டுக்கு மேற்கே, கேரள மாநிலத்தில், பெரியாறு புலிகள் காப்பகம் உள்ளது. யானை, புலி, சிறுத்தை, கரடி, காட்டுமாடு முதலியன மாநில எல்லை பாராது இக்காடுகளில் உலவுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றமாகும். எனவே "ஊராட்சியே மலையைச் சுற்றிப் பாதை போடலாமே" என்ற கேள்விக்கு முதல் விடை, அவ்வதிகாரம் ஊராட்சிக்கு இல்லை என்பதே. நுழைவுக் கட்டணம் வாங்கும் அதிகாரமும் ஊராட்சிக்கு இல்லை. அங்ஙனமாயின் ஊராட்சியின் பங்கு யாது? அதனைக் காணுமுன், சுற்றுவழி என்பதன் தன்மையை அறிந்துகொள்வது நலம்.

சுற்றுவழியின் இயல்பு

மலையைச் சுற்றி வருவது நம்மவர்க்குப் புதிதன்று. திருவண்ணாமலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர் எண்ணற்றவர். ஆனால் கிரிவலம் என்பது மலையின் அடியைச் சுற்றி வரும் வழி; நெடுகிலும் ஊரும் விளக்கும் தண்ணீரும் உண்டு. இன்றைய இளைஞர்கள் தேடும் சுற்றுவழி வேறு. ஒரு பக்கம் ஏறி, முகட்டின் மேல் நடந்து, மறுபக்கம் இறங்கிப் புறப்பட்ட இடத்தையே அடைவது அது.

சென்ற வழியே திரும்பும் நடைக்கும் சுற்றுவழி நடைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சென்ற வழியே திரும்புவோன் தன் திரும்பும் வழியை முன்னரே கண்டுவிட்டான். எங்கே பாறை வழுக்கும், எந்த ஓடையைத் தாண்ட வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பன அவனுக்குத் தெரியும். சுற்றுவழியில் செல்வோனுக்கோ கடைசி அடி வரை எல்லாம் புதிய வழி. பாதி வழி கடந்த பின் தடை நேர்ந்தால், முன்னே செல்வதும் பின்னே திரும்புவதும் ஒரே அளவு தொலைவு. அந்நேரத்தில் களைப்பும், குறைந்துவிட்ட குடிநீரும், சாயும் பொழுதும் ஒன்றுசேர்ந்துகொள்கின்றன.

நேபாள நாட்டில் அன்னபூர்ணா என்னும் பனிமலைத் தொகுதியைச் சுற்றி வரும் வழி உலகப் புகழ் பெற்றது. அதன் நடுவே 5,416 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. 2014 அக்டோபரில் அக்கணவாயின் அருகே திடீரெனப் பனிப்புயல் வீசியது. அப்போது அப்பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் வழிகாட்டிகளும் இருந்தனர். நம் மலையில் பனி இல்லை. ஆயினும் நட்டநடு வழியில் அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்து எம்மலைக்கும் பொது.

ஒரு வழியை நடக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட ஓர் எளிய முறை உண்டு. ஸ்காட்லாந்து நாட்டினரான நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் வகுத்தது அது. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 10 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள சுற்றுவழிக்கு மூன்று மணி நேரம் ஆகும். இக்கணக்கு குளிர்நாட்டில் நடந்து பழகியவர்களுக்கு உரியது. நம் வெயிலுக்கும், பழக்கமில்லாதோர் கலந்த குழுவுக்கும் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அதாவது அதே வழிக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஒதுக்க வேண்டும். "பத்துக் கிலோமீட்டர்தானே" என்று பகல் ஒரு மணிக்குப் புறப்படுவோர் இருட்டில் அகப்பட்டுக்கொள்வது இக்கணக்கை அறியாமையால்தான்.

ஓர் அனுபவம்

இதனை நான் பிறர் சொல்லக் கேட்டு மட்டும் எழுதவில்லை. கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்கள் நால்வர் குற்றாலத்து மேல்மலைக்கு எவரிடமும் சொல்லாமல் சென்றோம். ஓடையை ஒட்டி ஏறி, ஒரு திரட்டைச் சுற்றி, மறுபுறம் இறங்கிவிடலாம் என்பது எங்கள் எண்ணம். பிற்பகலில் சாரல் தொடங்கிற்று. மூடுபனி சூழ்ந்து, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒற்றையடிப் பாதை என்று நாங்கள் நம்பி நடந்தது விலங்குகள் செல்லும் தடம். பொழுது சாய்ந்தபோது ஒரு பாறையடியில் ஒடுங்கி நின்றோம். எங்களுள் ஒருவன் காலில் அடிபட்டு நொண்டினான்.

தேன் எடுக்கச் சென்று திரும்பிய பளியர் முதியவர் ஒருவர் எங்கள் குரல் கேட்டு வந்து சேர்ந்தார். ஏசவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. அடிபட்டவனைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டு, நாங்கள் ஏறிய ஓடைப்பக்கம் போகாமல், மேட்டுவழியாகவே சுற்றி இறக்கிவிட்டார். விளக்கு வெளிச்சம் தெரிந்த இடத்தில் நின்று, "தம்பிமார்களே, மலைக்கு வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார். நாங்கள் நீட்டிய பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில்தான், முந்தின மாலை நாங்கள் ஏறிய ஓடையில் வெள்ளம் போயிற்று என்று அறிந்தோம். அவர் மேட்டுவழியைத் தேர்ந்ததன் காரணம் அப்போது விளங்கியது. சொல்லிவிட்டுச் செல்லுதல் என்ற அந்த ஒரு சொல்லிலேயே மலைவழி நடையின் விதிகள் யாவும் அடங்கியிருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அனுமதி பெறுதல், பதிவு செய்தல், வழிகாட்டியை உடன்கொள்ளுதல் என இன்று அரசு விதித்துள்ளவை எல்லாம் அதன் விரிவே.

இரு பெரும் துயரங்கள் தந்த பாடம்

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டுப் பகுதியிலிருந்தும் வந்திருந்த இரு குழுவினர் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அது உரிய அனுமதி பெறாத நடை என்று அரசு அப்போதே தெரிவித்தது. எவர் எவ்வழியில் எத்தனை பேராய்ச் சென்றனர் என்பது முறையாகப் பதிவாகியிருந்தால்தான் தேடுவோரும் விரைந்து செயற்பட முடியும்.

மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். கீழே எரியும் தழலின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னரே காய்ச்சிவிடுவதால் அது நொடியில் பற்றிக்கொள்கிறது. ஆகவே தீயைக் கண்டவர் உயரமான புல்லினூடே மேல்நோக்கி ஓடலாகாது. பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறை, ஓடைப்படுகை, முன்னரே எரிந்து தணிந்த இடம் ஆகியவற்றுள் ஒன்றை அடைய வேண்டும்.

மற்றது வெள்ளம். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகியதில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கீழே வெயில் காயும்போதே மேல்மலையில் பெருமழை பெய்தல் கூடும். குறுகிய பள்ளங்களில் திரளும் நீர் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், பொருள்களை எடுக்கக் காத்திராமல் கரையேறி உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டும்.

அரசின் ஏற்பாடு

குரங்கணித் துயரத்தை அடுத்து, அதே 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மலைவழி நடையை ஒழுங்குபடுத்தும் விதிகள் வெளியிடப்பட்டன. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுவழி நடத்தல் கூடாது என்பது அவற்றின் அடிப்படை. பின்னர் 2024 அக்டோபரில் மாநில அரசு மலைநடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 வழிகளை அறிவித்தது. எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என அவை வகுக்கப்பட்டன. இணையவழியில் பெயரைப் பதிந்து கட்டணம் செலுத்தினால், பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்லலாம். மலைவாழ் மக்களும் காட்டோரக் கிராமத்து இளைஞர்களும் வழிகாட்டிகளாகச் சேர்க்கப்பட்டனர். காட்டுத் தீ பரவக்கூடிய கோடைக் காலத்தில் வழிகளை மூடிவைப்பதும் இத்திட்டத்தின் முறை.

நம் தென்காசி மாவட்டத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றுள் குற்றாலத்தின் செண்பகாதேவி அருவி வழியும் ஒன்று. பேரருவிக்கு மேலே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், காட்டினுள்ளே, அம்மன் கோயிலுடன் அமைந்தது அவ்வருவி. சிவகிரி மலையில் நடக்க விரும்புவோர்க்கு நாம் சொல்ல வேண்டியது இதுவே: அறிவிக்கப்பட்ட வழியில், அறிவிக்கப்பட்ட காலத்தில், முறையாகப் பதிந்து செல்லுங்கள், அறிவிக்கப்படாத வழிக்கு எங்கள் ஊரார் துணை வரமாட்டார்கள்.

மலைக்கு அப்பால் ஒரு முன்மாதிரி

"அப்படியானால் ஊருக்கு ஒரு பயனும் இல்லையா?" என்று கேட்கலாம். நம் முகட்டுக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்று அதற்கு விடை தருகிறது.

பெரியாறு காப்பகம் 1978-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அக்காட்டில் நுழைந்து, வயணம் எனப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தோர் சிலர் இருந்தனர். வனத்துறையினர் துரத்துவதும் அவர்கள் ஓடி ஒளிவதுமாகவே காலம் கழிந்தது. 1990-களின் பிற்பகுதியில் உலக வங்கியின் உதவியுடன் அங்குச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அவர்களுள் 23 பேர் திருந்தி வாழ முன்வந்தனர். அவர்களைக் கொண்டே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது.

காட்டின் ஒவ்வொரு மறைவிடத்தையும் அவர்கள் அறிவர். அவ்வறிவே அவர்களுக்குப் பிழைப்பாயிற்று. 1998 முதல் அவர்கள் சிறு சிறு குழுக்களாக வருகைதருவோரைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, ஓரிரு இரவு தங்கவைத்துத் திருப்பி அழைத்து வரலாயினர். ஆயுதம் தாங்கிய வனக்காவலர் ஒருவரும் உடன் செல்வார். ஒருமுறை செல்வோர் தொகை மிகக் குறைவாகவே வைக்கப்பட்டது. நடையும் காவலும் அங்கு ஒரே வேலையாயின. வருகையாளருடன் நடக்கும் அதே கால்கள்தாம் கள்ள வேட்டைக்காரரின் தடத்தையும் கண்டுபிடித்தன. பின்னர் அப்பகுதிப் பெண்கள் 'வசந்தசேனை' என்ற பெயரில் ஊதியமின்றிச் சந்தனக் காட்டைச் சுற்றிக் காவல் செய்யவும் முன்வந்தனர்.

இதிலிருந்து நாம் கற்பன மூன்று. முதலாவது, கூட்டம் சேர்ப்பது நோக்கமாக இருக்கவில்லை; சிலரே வந்தனர், அவர்கள் நன்கு கவனிக்கப்பட்டனர். இரண்டாவது, வருமானம் இடைத்தரகருக்குப் போகாமல் காட்டை அறிந்தவர் கைக்கே சென்றது. மூன்றாவது, நடையினால் காட்டுக்குக் காவல் கூடியது. இம்மூன்றும் இல்லாத இடத்தில் மலைநடை, குப்பையையும் சச்சரவையும் மட்டுமே விட்டுச் செல்லும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

ஊராட்சியின் அதிகாரம் காட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதன் கடமை அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

முதற்கண், அனுமதியில்லா நடைக்கு எவரும் துணைபோகக் கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். ஆண்டுக்கு ஆறுமுறை கிராமசபை கூடுகிறது. தீக்காலத்துக்கு முன் சனவரி 26-ஆம் நாள் கூடும் சபையில் இதனை நினைவூட்டுவது பொருத்தம். அடிவாரப் பாதை தொடங்கும் இடத்தில் வனத்துறையின் இசைவோடு தெளிவான அறிவிப்புப் பலகை வைக்கலாம்.

இரண்டாவதாக, நம் இளைஞருள் விருப்பமுள்ளவர் பட்டியலை வனச்சரக அலுவலரிடம் அளித்து, வழிகாட்டிப் பயிற்சிக்கும் தீத்தடுப்புப் பணிக்கும் அவர்களைக் கருதுமாறு கேட்கலாம். வாசுதேவநல்லூரை அடுத்த தலையணை போன்ற இடங்களில் வாழும் பளியர் மக்களுக்கு அப்பட்டியலில் முதலிடம் தருவது முறை. மலையைப் பற்றிய அறிவு தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் உள்ளது. அவர்களைச் சுமை தூக்குவோராக மட்டும் வைத்துக்கொண்டு, வழிகாட்டி என்ற பெயரையும் ஊதியத்தையும் பிறர் கொள்வது அறமாகாது.

மூன்றாவதாக, காட்டுக்கு வெளியே, சமவெளியிலேயே ஒரு சுற்றுவழி அமைக்கலாம். கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, பழைய கோயில், தோப்பு, களத்துமேடு ஆகியவற்றை இணைத்து ஐந்தாறு கிலோமீட்டர் நீளத்தில், மலையைப் பார்த்தபடி நடந்து வரும் வழி அது. குடும்பத்தோடு வருவோர்க்கும் முதியோர்க்கும் அதுவே ஏற்றது. நம் பிள்ளைகளுக்கும் பள்ளி ஆசிரியர் அதனைக் காட்டி, ஓடை எது, மடை எது, மறுகால் எது என்று கற்பிக்கலாம். நாற்பது எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. அந்தந்தத் துறையின் இசைவையும், பட்டா நிலத்தைத் தொடும் இடத்தில் உரியவரின் இசைவையும் பெற வேண்டும். சிமெண்டுத் தளம் வேண்டியதில்லை. கருவேல முள்ளை அகற்றி, வழிகாட்டும் கற்களை நட்டாலே போதும்.

நான்காவதாக, யானை. அந்த முதிய விவசாயியின் அச்சம் வெறும் அச்சமன்று. யானைகள் நீருக்கும் தீவனத்துக்கும் வழக்கமான தடங்களில் செல்பவை. அவற்றில் ஆள் நடமாட்டமும் கூச்சலும் மிகுந்தால் அவை வேறு பக்கம் திரும்பக்கூடும். ஆதலால் சமவெளிச் சுற்றுவழியும் காட்டின் விளிம்பைத் தொடாமல் விலகியே அமைதல் வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் அதில் எவரும் நடக்கலாகாது. எந்தத் தடத்தில் எம்மாதத்தில் யானை இறங்குகிறது என்பதை அத்தோட்டக்காரர்களே நன்கறிவர். அவர்களைக் கலந்து பேசாமல் ஒரு கல்லும் நடப்படக் கூடாது. யானை நடமாட்டம் தெரிந்த நாட்களில் வழியை மூடும் உரிமையும் அவர்களிடமே இருக்கட்டும்.

ஐந்தாவதாக, வரவு செலவு. மகளிர் சுய உதவிக் குழுவினர் இட்டிலி, பதநீர், எலுமிச்சைச் சாறு, கூழ் முதலியவற்றை விற்கலாம். வருமானம் பெரிதாக இருக்கும் என்று ஆசை காட்ட நான் விரும்பவில்லை. சில குடும்பங்களுக்குச் சில மாதங்களில் கைச்செலவுக்கு உதவும் அளவே கிடைக்கும். அத்தொகையையும் அதில் குப்பை அகற்ற ஒதுக்கிய பகுதியையும் எழுதி, கிராமசபையில் படித்துக் காட்ட வேண்டும்.

நடப்போரும் வழிகாட்டிகளும் நினைவிற் கொள்ள வேண்டியவை

புறப்படுமுன் தலைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு தங்குமிடத்திலும் மீண்டும் எண்ணுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என வழியறிந்த இருவர் இருக்கட்டும். கடைசியில் வருபவரைத் தாண்டி எவரும் பின்தங்கக் கூடாது. குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் நடையே குழுவின் நடை.

ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், உப்பும் சர்க்கரையும், டார்ச்சு விளக்கு, ஊதல், காயத்துக்குக் கட்டுத்துணி ஆகியவை வேண்டும். மலைமேல் கைபேசி வேலை செய்யும் என்று நம்பலாகாது. திரும்பும் நேரத்தைக் கீழே ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அந்நேரம் கடந்து ஒரு மணி ஆயின் அவர் வனத்துறைக்குத் தெரிவிக்கட்டும்.

சுற்றுவழியில் செல்லும்போது, ஒதுக்கிய நேரத்தில் பாதி கழிவதற்குள் வழியில் பாதியைக் கடந்திராவிட்டால், தயங்காமல் வந்த வழியே திரும்புங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காட்டில் அடுப்பு மூட்டலாகாது. பீடி, சிகரெட்டுக்கும் இது பொருந்தும். வாசனைத் திரவியமும் பளிச்சென்ற உடையும் வேண்டா. யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல், ஓசையின்றிப் பின்வாங்குங்கள். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடியுண்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, 108 ஊர்தியை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நஞ்சுமுறிவு மருந்து அங்கு உண்டு. கொண்டு சென்ற பொருளில் ஒரு தாள்கூட மேலே தங்கக் கூடாது.

முடிவாக

அடுத்து நடந்த கிராமசபையில் இச்செய்திகளை எடுத்துரைத்தேன். மலைக்குள் பாதை போடும் எண்ணத்தை உறுப்பினர்கள் கைவிட்டனர். அனுமதியில்லா நடைக்குத் துணைபோவதில்லை என்று தீர்மானம் ஆயிற்று. கண்மாய்க்கரைச் சுற்றுவழியைப் பற்றி ஆராய ஐவர் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அதில் ஒருவராக அந்த முதிய விவசாயியின் பெயரையே முதல் உறுப்பினர் முன்மொழிந்தார். பெரியவர் சற்றுத் தயங்கிவிட்டு, "சரி, இருக்கிறேன். ஆனால் யானை வருகிற மாதத்தில் வழியைச் சாத்துவேன், அப்போது யாரும் என்னைக் கோபிக்கக் கூடாது" என்றார். சபை சிரித்து ஒப்புக்கொண்டது.

அவர் கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டதாக நான் சொல்லவில்லை. யானை இன்னமும் வாழையைத் தேடி வருகிறது. சேதத்துக்குரிய இழப்பீட்டைக் காலத்தில் பெற்றுத் தருவது எங்கள் போன்ற அலுவலர்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டிய பணி. ஆயினும் மலையைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் மலையடியில் உழுபவர் அமர்ந்திருக்கிறார். ஒவ்வொரு அடிவார ஊராட்சியும் இவ்வாறு தொடங்கலாம். நாளை நம் ஊருக்கு ஓர் இளைஞர் வந்து, "மேலே போக வழி உண்டா?" என்று கேட்டால், "உண்டு தம்பி, முதலில் சொல்லிவிட்டுப் போக வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்" என்று விடைகூற நம் ஊரார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.